கடலேறிய மலைகள்

இந்தியக் கடற்படையின் ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்கள் சில, மலைகளின் பெயர் தாங்கியவை. அவ்வரிசையில் முதலாவது, தமிழகத்து நீலகிரியின் பெயரைப் பெற்ற ஐ.என்.எஸ். நீலகிரி.

விடுதலைக்குப் பின்னரும் இந்தியா தன் பெரிய போர்க்கப்பல்களுக்கு அயல்நாடுகளையே நம்பியிருந்தது. அந்நிலையை மாற்ற, பிரிட்டனின் லியாண்டர் வகை வடிவமைப்பைப் பெற்று, மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் பணி தொடங்கப்பட்டது. 1968இல் நீரில் இறக்கப்பட்ட நீலகிரி, 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் இணைந்தது. ஏறத்தாழ 113 மீட்டர் நீளமுடைய அக்கப்பலை நீராவிச் சுழலிகள் இயக்கின. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அழிப்பது அதன் முதன்மைப் பணி.

தொடர்ந்து ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி ஆகிய ஐந்தும் 1981க்குள் கடற்படையில் சேர்ந்தன. கப்பலுக்குக் கப்பல் உள்நாட்டுக் கருவிகள் பெருகின. இறுதி இரண்டு கப்பல்களும் பெரிய சீ கிங் ஹெலிகாப்டரைத் தாங்குமாறு மாற்றி அமைக்கப்பட்டன. பிறர் வரைந்ததைப் பார்த்துக் கட்டியவர்கள், அதைத் திருத்தவும் கற்றுக்கொண்டனர். அப்பட்டறிவின் பயனாக, இந்தியரே வடிவமைத்த கோதாவரி 1983இல் கடற்படைக்கு வந்தது.

1996இல் ஓய்வுபெற்ற நீலகிரி, அடுத்த ஆண்டு ஏவுகணைப் பயிற்சியில் இலக்காகிக் கடலில் மூழ்கியது. 2013இல் தாராகிரி விடைபெற்றதோடு அவ்வரிசை நிறைவுற்றது.

2025 ஜனவரி 15 அன்று புதிய நீலகிரி மும்பையில் கடற்படையில் இணைக்கப்பட்டது. அதைக் கட்டியதும் அதே மசகான் தளமே. ஆயின், இம்முறை வடிவமைப்பும் இந்தியக் கடற்படையினுடையது. கடனாகப் பெற்ற அறிவு, உழைப்பால் உடைமையானது.