கண்ணின் மின்சாரத்தை அளத்தல்

எனது தகப்பனாருக்கு யாழ்ப்பாணத்தில் குளுக்கோமா என்று கண்டறிந்தபோது ஒரு கண்ணின் பார்வை அநேகமாகப் போய்விட்டது. நோவுமில்லை, சிவப்புமில்லை. படலையில் தோள் இடிபட்டபோதெல்லாம் வயதென்றே நினைத்தோம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த நோயைப் பற்றிச் சற்று வாசித்தேன்.

குளுக்கோமாவில் அழிவது, விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்புக் கலங்களே. இவற்றில் கணிசமான பங்கு போனபின்பே வழமையான பார்வைப்புலப் பரிசோதனையில் குறை தெரியக்கூடும். அதிலும் ஒளிப்புள்ளி தெரிந்ததும் நாம்தான் பொத்தானை அழுத்தவேண்டும். களைத்திருந்தால் விடை பிழைக்கும்.

மின்பரிசோதனைக்கு எமது பதில் தேவையில்லை. ஒளிபட்டதும் கண்ணில் மின்மாற்றம் உண்டாவதை 1865 இல் சுவீடனில் ஹோம்கிரன் கண்டார். ஆனால் வெறும் ஒளிவீச்சு இந்த நரம்புக் கலங்களின் நிலையைச் சரியாகக் காட்டாது. 1981 இல் இத்தாலியில் மாஃபெய், ஃபியொரென்ரினி இருவரும் பூனையின் பார்வை நரம்பை வெட்டிப் பார்த்தனர். ஒளிவீச்சுக்கான மின்பதில் அப்படியே நின்றது. மாறிமாறி வரும் கோடுகளுக்கான பதிலோ, நரம்புக் கலங்கள் அழிய அழிய, மெல்ல மறைந்தது.

இன்று மனிதருக்குச் செய்வதும் இதுதான். திரையில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் செக்கனுக்கு சுமார் 4 தடவை மாறும். கீழிமையோரம் வைத்த மெல்லிய இழை மின்னை எடுக்கும். வருவது சில மைக்ரோவோல்ற் மட்டுமே. அதனால் நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துவிட, உண்மையான மீதி நிற்கும். கணக்காளனான எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. சுமார் 95 மில்லிசெக்கனில் வரும் இறக்கம் குறைந்தால் நரம்புக் கலங்களில் சந்தேகம் வரும்.

கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தாலும் பதில் குறையும். ஆகவே கண்ணாடி அணிபவர்கள் அதைக் கொண்டுபோகவேண்டும். வெண்புரை இருந்தாலும் அளவு ஏமாற்றும். எனவே இதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையில் இவ்வகைப் பரிசோதனைகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. ஆயினும் குளுக்கோமாவுக்கு முதலில் பார்ப்பது கண் அழுத்தம், பார்வைப்புலம், பார்வை நரம்பின் தோற்றம் ஆகியவையே.

இங்கிலாந்தில் பெற்றோர், சகோதரர் அல்லது பிள்ளைக்குக் குளுக்கோமா இருந்தால், 40 வயதிலிருந்து தேசிய சுகாதார சேவையில் கண் பரிசோதனை இலவசம். பதியும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். நான் போய்வந்தேன். "எனக்கு நல்லாத் தெரியுது அண்ணை" என்று தம்பி இன்னும் நாளைக் கடத்துகிறான்.