ஆனி–ஆடி ஆலோசனை: ஏலப்பூவுக்கு முற்பகலை விட்டுக்கொடுங்கள்

போடிமெட்டில் சாரல் பிடித்துவிட்டது. சரம் நீண்டு பூ மளமளவென்று வரும் காலம் இது. சிலமலை, தேவாரம், போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறும் ஆட்கள் எட்டு மணிவாக்கில் தோட்டத்தில் இறங்குவார்கள். இறங்கியதும் பீப்பாயில் மருந்து கலக்குவது பல தோட்டங்களில் வழக்கம். இந்த இரண்டு மாதமாவது அந்த வழக்கத்தை நிறுத்துங்கள். ஏன் என்று பூவே சொல்லும்.

ஒரு பூவைப் பறித்துக் கையில் வையுங்கள். வெள்ளை உதடு ஒன்று முன்னால் விரிந்திருக்கும். அதன் நடுவே ஊதாக் கோடுகள் தொண்டையை நோக்கி ஓடும். அது தேனீ வந்து இறங்கும் திண்ணை. கோடுகள் அதற்கு வழி காட்டுகின்றன. உதட்டுக்கு எதிரே ஒரே ஒரு மகரந்தப்பை கவிந்து நிற்கும். சூல்தண்டு அந்தப் பையின் இரண்டு பாதிக்கும் நடுவே புகுந்து, சூல்முடியை மட்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது ஓர் ஈர்க்கை உதட்டை ஒட்டி மெல்ல உள்ளே செலுத்துங்கள். முதலில் சூல்முடியில் உரசும், அப்புறம்தான் பையில். வெளியே இழுத்தால் ஈர்க்கின் மேல்பக்கம் மாவு ஒட்டியிருக்கும். தேனீயின் முதுகிலும் இதுவே நடக்கிறது: போன பூவில் ஒட்டியதை நுழையும்போது சூல்முடியில் இறக்கிவிட்டு, இந்தப் பூவில் புதிதாக ஏற்றிக்கொண்டு போகிறது. பையும் முடியும் இத்தனை நெருக்கமாக இருந்தும் காற்று அவற்றைச் சேர்த்துவைப்பதில்லை. உள்ளே புக ஓர் உடல் வேண்டும்.

குழலின் கணக்கும் உண்டு. ஏலப்பூவின் குழல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயின் நாக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான். குழலில் தேன் மேலேறி நிற்கும்போதுதான் அதற்கு எட்டும். அதற்கும் தலையை நன்றாக உள்ளே நுழைத்தாக வேண்டும். அந்தச் சிரமத்தில்தான் நமக்குக் காய்.

பூ விடியுமுன்பே மலர்ந்துவிடுகிறது. காலையில் பை வெடிக்கும். முற்பகலில் சூல்முடி மகரந்தத்தை நன்றாக ஏற்கும். பூவின் ஆயுள் ஒரே நாள், மகரந்தம் சேராத பூ உதிர்ந்துவிடும். ஆக, எட்டு மணிக்கு விசைத்தெளிப்பானை ஓட்டுவது அன்றைய பூ அத்தனைக்கும் கதவைச் சாத்துவது. காலையில் களை எடுப்பு, கவாத்து, சரம் ஒதுக்குவது என்று ஆட்களை விடுங்கள். இலைப்பேனுக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் தேனீ கூடு திரும்பிய பிற்பகலில் அடியுங்கள். “மத்தியானம் மழை வந்து கழுவிவிடும், நாலு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும்” என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் ஒரே நாளில் தோட்டம் முழுவதும் முடிக்காமல், வானம் வெளுத்த நாளாகப் பார்த்துப் பாத்தி பாத்தியாக அடிக்கச் சொல்கிறோம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அடிக்கும் மருந்தை அடியோடு விடுங்கள். செலவும் மிச்சம்.

சருகை விலக்கும் வேலை இன்னும் முடியாவிட்டால் இந்த வாரமே முடியுங்கள். கோடையில் ஈரம் காக்கப் போட்ட மூடாக்கு இப்போது சரத்தை மூடிக்கிடக்கும். மைசூர் வகையில் சரம் நிமிர்ந்து நிற்பதால் தொல்லை குறைவு. மலபார் வகையில் அது தரையோடு படர்வது, வழுக்கையில் பாதி சாய்வது. தோட்டம் தோட்டமாக நிற்கும் நல்லாணியும் வழுக்கை இனம்தான். சருகுக்கடியில் மலர்ந்த பூவின் உதடு எவ்வளவு அழகாக இருந்தென்ன, இறங்க இடமில்லை. கையால் விலக்குங்கள், மண்வெட்டி வேண்டாம். சரத்தின் நுனி முறிந்துவிடும்.

தேனீப்பெட்டி ஹெக்டேருக்கு நான்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு நான்கு என்பது பரிந்துரை. காற்று முட்டாத இடத்தில், வாசல் கிழக்குப் பார்க்க, எறும்பு ஏறாதபடி கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து நிறுத்துங்கள். மழை விடாமல் பிடித்தால் தேனீ வெளியே போகாமல் பட்டினி கிடக்கும். சம அளவு தண்ணீரில் சர்க்கரை கரைத்து மாலையில் வையுங்கள். வெளியூர்ப் பெட்டி வாங்குகிறவர்கள் புழுவைப் பார்த்து வாங்க வேண்டும். பை போல உப்பி நீர் கோத்த புழு இருந்தால் அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். 1991–92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பெட்டிகளைக் காலி செய்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பெட்டியை மட்டும் நம்பவும் வேண்டாம். காட்டு ஏலத்தையும் தோட்டத்து ஏலத்தையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டில் மகரந்தம் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் தனித்து வாழும் தேனீக்கள் செய்வதையும், தோட்டத்தில் அது மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ என்ற கூட்டுத் தேனீக்களின் கைக்கு மாறியதையும் காட்டியது. சோலை ஓரத்துப் புதரைக் களைக்கொல்லி அடித்துக் கருக்காதீர்கள். மலைத்தேனீ கூடு கட்டும் பெரிய மரத்தை நிழல் அதிகம் என்று சாய்க்காதீர்கள். கிளை கழித்தால் போதும்.

கீழே சிலமலைப் பக்கம் கத்தரி, தக்காளி போட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பூக்களில் மகரந்தம் உள்ளுக்குள் அடைந்திருக்கும். கத்தரியில் பையின் நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். பூவைக் கவ்விச் சிறகுத் தசையை அதிரவைத்து உதிர்க்க வேண்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பட்டமரத்தைத் துளைக்கும் கருவண்டும், நீலக்கோட்டுத் தேனீயும் செய்யும். அதனால் வேலியோரத்துக் காய்ந்த மூங்கில், பழைய மண்சுவர், உழாத வரப்பு எதையும் ‘சுத்தம்’ செய்துவிடாதீர்கள்.

வேலை பலித்ததா என்று பார்க்க, தோட்டத்தின் நாலைந்து இடங்களில் காலையில் மலர்ந்த பூக்களின் காம்பில் நூல் கட்டிவையுங்கள். ஒரு வாரம் கழித்து, இதழ் உதிர்ந்த இடத்தில் பச்சை மொக்குக் காய் நிற்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு மூலையில் மட்டும் நிற்கவில்லையென்றால் பெட்டி ஒன்றை அந்தப் பக்கம் வையுங்கள். இருட்டிய பிறகு வாசலை அடைத்துத் தூக்க வேண்டும். பெட்டி தேனீயின் பறக்கும் எல்லைக்குள்ளேயே இடம் மாறினால் தேனீ பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடும் என்பதால், தினம் இரண்டடி மூன்றடியாகத்தான் நகர்த்த வேண்டும். எங்குமே நிற்கவில்லையென்றால் மருந்தடித்த தேதிகளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.