பெற்றோரை ஆஸ்திரேலியாவுக்கு அழைக்கத் தேவையான காகிதங்கள்

கிள்ளை



ஆஸ்திரேலிய வருகையாளர் விசாவுக்கு எண் 600. அதற்குள் பல பிரிவுகள் உண்டு. அங்கிருக்கும் உறவினர் பொறுப்பேற்று அழைப்பது ஸ்பான்சர் குடும்பப் பிரிவு. ஸ்பான்சர் 18 வயது நிறைந்தவராக, அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவராக, அங்கே ஊன்றி வாழ்பவராக இருக்க வேண்டும். ஊன்றி வாழ்வதற்கு வழக்கமாக 2 ஆண்டு வசிப்பைக் கணக்கில் கொள்கிறார்கள். மாணவர் விசாவிலும் தற்காலிக வேலை விசாவிலும் இருப்போருக்கு இந்தப் பிரிவு இல்லை. அவர்களுடைய பெற்றோர் சுற்றுலாப் பிரிவில் விண்ணப்பிக்கிறார்கள். ஸ்பான்சர் தருவது 1149-ஆம் படிவம். பெற்றோரின் விண்ணப்பம் இணையத்தில் தனியாகப் போகும். அதைப் போடும்போதும் முடிவு வரும்போதும் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து போகும் விண்ணப்பங்களில் அதிகம் தடுக்கி விழும் இடம் பணம் அல்ல, பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; முன்னெழுத்துதான். கோவிந்தசாமி மகன் ராமலிங்கம் பள்ளிச் சான்றில் 'கோ. ராமலிங்கம்', பட்டாவில் வெறும் 'ராமலிங்கம்', பாஸ்போர்ட்டில் 'ராமலிங்கம் கோவிந்தசாமி' என்று இருப்பார். ஆங்கில எழுத்தில் ஆதாரில் ஒரு எழுத்துக் கூடும், வங்கிப் புத்தகத்தில் ஒரு எழுத்துக் குறையும். நம்மூர் குமாஸ்தாவுக்கு இது ஒரே ஆள். விசா அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று பேர். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று விட்டுவிடாமல், மற்ற வடிவங்களை எல்லாம் அங்கே கொடுத்துவிடுவது நல்லது. கூடவே, அவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. பெயரைத் திருத்திக்கொண்டு அலைவதைவிட இந்த ஒரு தாள் சீக்கிரம் வேலை முடிக்கும்.

அடுத்து, பெற்றோர்தான் என்பதற்குச் சான்று. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை பெயர் இருந்தால் அதற்கு மேல் வேண்டியதில்லை. வீட்டுப் பிரசவத்தில் பிறந்து பதிவாகாதவர் நம் கரையில் ஏராளம். அவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழும் குடும்ப அட்டையும் துணை. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி பெயர் இருக்கும். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் கிடையாது. ஆகவே அங்கே குடியுரிமை வாங்கிய பிள்ளை, ரத்தான இந்தியப் பாஸ்போர்ட்டை வெறும் நினைவுப் பொருளாக எண்ணித் தூக்கிப் போடக்கூடாது. திருமணச் சான்றும் இதே கதைதான். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல் வந்தது. அதற்கு முன் மணமுடித்தவர்களில் பலரிடம் இருப்பது மஞ்சள் தடவிய அழைப்பிதழ் மட்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் இங்கே எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்களுக்குள் புகுந்தபோது பெட்டியோடு பத்திரங்களும் போயின. அந்தக் குடும்பங்களிடம் இருப்பவை பிற்பாடு வாங்கிய நகல்கள். பழைய சான்றிதழில் புதிய தேதியைப் பார்க்கும் அதிகாரி சந்தேகப்படுவது இயல்பு. மூலம் எப்படிப் போனது, நகல் எப்போது வாங்கப்பட்டது என்று விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்.

தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே மொழிபெயர்ப்பவருக்கு அந்நாட்டு அங்கீகாரம் கட்டாயமில்லை. ஆனால் அவருடைய முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் குத்தித் தருவதைப் பல கடைகளில் பார்க்கலாம், அது பற்றாது.

செலவை ஏற்கும் பிள்ளை சம்பளச் சீட்டு, வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு, வங்கிக் கணக்கு விவரம், வேலை கொடுத்தவரின் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது கடன் பத்திரம் ஆகியவற்றைக் கொடுப்பார். பெற்றோரின் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். இங்கேதான் ஏஜென்ட் சொல்லும் யோசனை கெடுக்கும்: விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமாவது 5 லட்சம் வாங்கிக் கணக்கில் போடுவது. ஆறு மாதம் ஓய்வூதியமும் கட்டிட வாடகையும் சிறுகச் சிறுக வந்த கணக்கு, திடீரென்று வீங்கிய கணக்கைவிட எடை கூடியது. பிள்ளையே அனுப்பிய பணமானால் அதையும் மறைக்காமல் எழுதலாம். போலித் தாளோ பொய்த் தகவலோ வைத்தது தெரிந்தால் 3 ஆண்டு விசா கிடைக்காது. அடையாளத்திலேயே பொய் என்றால் 10 ஆண்டு.

அதிகாரி கடைசியில் எடைபோடுவது, இவர்கள் திரும்பி வருவார்களா என்பதை. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். படகு வைத்திருப்பவருக்குப் படகுப் பதிவுச் சான்று, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, கடைக்காரருக்கு உரிமம், வேலையில் இருப்பவருக்கு விடுப்புக் கடிதம். ஊரில் இன்னொரு பிள்ளையோ, பார்த்துக்கொள்ள வேண்டிய முதியவரோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போய் நாள் தவறாமல் திரும்பிய முத்திரைகள் உள்ள பழைய பாஸ்போர்ட், நிலப்பத்திரத்தைவிட நன்றாகப் பேசும்.

75 வயது நிறைந்தவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீடு இந்திய வருகையாளருக்கு இல்லாததால் பயணக் காப்பீட்டில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமாகாது.

ஸ்பான்சர் பிரிவில் ஒருவருக்கு 5,000 முதல் 15,000 ஆஸ்திரேலிய டாலர் வரை ஜாமீன் தொகை கேட்கப்படலாம். குடிவரவுத் துறை கேட்ட பிறகே கட்ட வேண்டும். வந்தவர் நிபந்தனை மீறினால் தொகை போகும், ஸ்பான்சரும் 5 ஆண்டு வரை இன்னொருவரை அழைக்க முடியாமல் போகலாம். மறுப்பு வந்தால், 2024 அக்டோபர் 14 முதல் இயங்கும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் ஸ்பான்சர் முறையிடலாம்.

விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை. மின்னஞ்சலில் ஒரு கடிதமாக வருகிறது. ஸ்பான்சர் பிரிவு விசாவில் 8503 என்ற நிபந்தனை இருக்கும்: அங்கே இருந்துகொண்டே, அடைக்கல விசா நீங்கலாக, வேறு விசாவுக்கு மாற முடியாது. பேரக்குழந்தை பிறக்கும் வரை இருக்கட்டுமே என்று பிறகு நீட்டிக்க வழியில்லாததால், மருத்துவர் குறித்த பிரசவ நாளைக் கையில் வைத்துக்கொண்டு தங்கும் காலத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா