கணினியில் ஏகபோகமும் பஞ்சாயத்துக் காரியாலயமும்

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை அறிந்த விவசாயிகளுக்கு ஏகபோகம் என்றால் யாதென்று புத்தகத்தைக் கொண்டு விளக்க வேண்டுவதில்லை. உரச் செலவுக்கோ கிணற்று வேலைக்கோ ஒரு கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர், அடுத்த கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைப்பினும், முன்பணம் தந்த கடைக்கே காயைக் கொண்டுபோக வேண்டியவராகிறார். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் விலை பேசும் உரிமை விவசாயியின் கையை விட்டுப் போய்விடுகிறது. சந்தையில் பல கடைகள் இருக்கும் வரையில் கடனைத் தீர்த்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம். ஊரில் உள்ளது ஒரே கடை எனில் போவதற்கு இடம் ஏது? பஞ்சாயத்துக் காரியாலயத்து மேஜைமீதுள்ள கணினியும், நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியும் ஏறத்தாழ இத்தகைய சந்தையிலிருந்தே வந்தவை என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கணினி என்னும் பெட்டி வேறு, அதனை இயக்கும் மென்பொருள் வேறு. மின்மோட்டாரை எந்தக் கம்பெனியிலும் வாங்கலாம். அது எந்தக் கிணற்றிலும் ஓடும். கணினிப் பெட்டியையும் பல கம்பெனிகள் செய்கின்றன. ஆனால் பெட்டிக்குள் அடிப்படையாக அமர்ந்து மற்ற எல்லா வேலைகளையும் நடத்தும் இயக்கமுறைமை பெரும்பாலான காரியாலயங்களில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் ஒன்றே. கைபேசிகளில் கூகுளின் ஆண்ட்ராய்டு அவ்வாறே பரவியுள்ளது. ஒருவர் பயன்படுத்துவதால் அவரோடு தொடர்புடைய மற்றவரும் அதையே பயன்படுத்த நேர்வதே இதற்குக் காரணம். யூனியன் காரியாலயம் ஒருவகைக் கோப்பை அனுப்பினால், பஞ்சாயத்தும் அதைத் திறக்கக்கூடிய மென்பொருளை வைத்திருக்க வேண்டும். அதனால் பெரியது மேலும் பெரிதாகிறது.

இது குறித்து அரசாங்கங்கள் வாளாவிருக்கவில்லை. அமெரிக்க நீதி இலாகாவும் பல மாநிலங்களும் 1998 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. அக்கம்பெனியை இரண்டாகப் பிரிக்கும்படி 2000 ஜூனில் கீழ் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2001-இல் மேல் நீதிமன்றம் பிரிவினைக் கட்டளையை ரத்து செய்தது. ஆயினும் ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்துக்குப் புறம்பான வழிகளைக் கம்பெனி கையாண்டது என்ற முடிவை உறுதி செய்தது. நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு விஷயத்தில் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இத்தொகை பெரிதெனினும், பெருங்கம்பெனிகள் அபராதத்தைச் செலவுக் கணக்கில் ஒரு இனமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன என்பதே நமது அபிப்பிராயம். வாங்குவோர் விழிப்பாக இல்லாதவிடத்தில் தீர்ப்புகளால் விளையும் பயன் சிறிதே.

கட்டுண்ட நிலைக்கு உதாரணம் தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. தமிழ் எழுத்துருக்களின் சரித்திரமே போதும். தொடக்க காலத்தில் கணினியில் தமிழ் எழுத ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டனர். ஒருவர் எழுத்துருவில் தட்டச்சு செய்த தீர்மானத்தை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற கோடுகளும் புள்ளிகளுமே தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொது முறை காணும் முயற்சி நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. பின்னர் 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்ட கோப்புகள் இன்றும் காரியாலயங்களில் கிடக்கின்றன. அவை நாம் எழுதியவை, நம் ஊர் வரவு செலவு. எனினும் படிக்கும் சாவி நம்மிடம் இல்லை. இத்தகைய கோப்புகளை உரிய மாற்றியின் உதவியால் ஒருங்குறிக்கு மாற்றிவைப்பது ஓர் உத்தியோகஸ்தர் சில நாட்களில் முடிக்கக்கூடிய வேலையே.

இனி, பாதுகாப்பைக் கவனிப்போம். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பற்றியது. அது கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தரவேண்டுமென்று திரையில் எழுதிக்காட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. இதெல்லாம் தூரதேசச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். மே 15, திங்கட்கிழமை காலையில் கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்திலும் ஊழியர்கள் கணினியைத் திறந்தபோது அதே பணங்கேட்கும் வாசகமே தோன்றியது. அருவாப்புலம் கோன்னியை அடுத்த ஊர். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் சென்று தெற்கு வடக்காகத் திரும்பினால் எட்டிவிடும் தொலைவுதான். நமது எலுமிச்சை லாரிகள் போகும் மலைவழி அது.

அந்தத் தீநிரல் புகுந்த ஓட்டை விண்டோஸில் இருந்தது. அமெரிக்க உளவு இலாகா ஒன்று அவ்வோட்டையை முன்னரே கண்டறிந்து, தன் காரியத்துக்காக ரகசியமாக வைத்திருந்தது. அந்த ரகசியம் திருடப்பட்டு வெளியாயிற்று. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மைக்ரோசாப்ட் இதற்கான திருத்தத்தை 2017 மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்னரே, வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றிக்கொண்ட கணினிகள் தப்பின, ஏற்றாதவை அகப்பட்டன. மருந்து வந்தும் தெளிக்காத தோட்டத்தில் நோய் பரவியது போலத்தான். ஆகவே, குற்றம் முழுவதையும் கம்பெனியின் தலையில் சுமத்துவதும் சரியன்று.

எனினும் ஏகபோகத்துக்கும் இந்நாசத்துக்கும் உறவு உண்டு. வட்டாரம் முழுவதும் ஒரே நெல் ரகத்தைப் பயிரிட்டால், அந்த ரகத்துக்குரிய நோய் ஒரு வயலில் தோன்றி எல்லா வயல்களையும் கொண்டுபோகும் என்பது விவசாயப் பெருமக்களுக்குத் தெரிந்ததே. 2003-ஆம் ஆண்டில் டான் கீர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட அறிக்கையில் இதே வாதத்தைக் கணினிக்குப் பொருத்திக் காட்டினார்கள். உலகம் ஒரே கம்பெனியின் மென்பொருளை நம்பியிருப்பதே ஆபத்து என்றார்கள். அறிக்கை வெளிவந்ததும் கீர் தாம் வேலை செய்த கம்பெனியிலிருந்து நீக்கப்பட்டார். அக்கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் ஒரு வாடிக்கையாளர். 2024 ஜூலை 19 அன்று அவர் வாதம் வேறு வகையில் மெய்யாயிற்று. அன்று தீநிரல் ஏதுமில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய திருத்தம் ஒன்றில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மாற்று உண்டா என்று அன்பர்கள் கேட்கலாம். உண்டு. எவரும் படித்துப் பார்த்துத் திருத்தவும், பகிர்ந்துகொள்ளவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்கள் உள. அவற்றுள் லினக்ஸ் முதன்மையானது. அதனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இயக்கமுறைமை 2007-இல் வெளிவந்தது. நம் மாநில அரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் சேர்த்தே தரப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகவே கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. பிள்ளைகள் பள்ளியில் அதனைப் பழகியிருந்தும், தரியோட்டிலும் அருவாப்புலத்திலும் பஞ்சாயத்துக் காரியாலயங்கள் விண்டோஸில் இருந்தன என்பது சிந்திக்கத் தக்கது.

ஆனால் கட்டற்றது என்பதனாலேயே அது பாதுகாப்பானது என்று நம்பிவிடலாகாது. 2014-இல் உலக இணையதளங்கள் பலவற்றின் ரகசியங்களை அம்பலமாக்கக்கூடிய 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை கட்டற்ற மென்பொருள் ஒன்றிலேதான் இருந்தது. யாவரும் பார்க்கத் திறந்து கிடந்தும் இரண்டாண்டுக் காலம் எவரும் பார்க்கவில்லை. எந்த இயக்கமுறைமையாயினும் திருத்தங்களை ஏற்றியாக வேண்டும். மேலும், அச்சுப்பொறி முதலிய சில கருவிகள் புதிய முறையில் உடனே இயங்காமற் போவதும், பழகிய ஊழியர் சலித்துக்கொள்வதும் உண்மையே. இரண்டு கணினிகள் உள்ள பஞ்சாயத்தில் ஒன்றில் மட்டும் முதலில் பழகிப் பார்ப்பது விவேகம். பணப் பரிவர்த்தனைக்குரிய கணினியை மாவட்டத் தொழில்நுட்ப அலுவலர்களைக் கலந்துகொள்ளாமல் மாற்றக் கூடாது.

இதை இப்பொழுது எழுதக் காரணமுண்டு. விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்குத் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. நீட்டிப்பு பெற்றுக்கொண்ட கணினிகளுக்கே சிறிது காலம் திருத்தம் வரும். அடுத்த பதிப்பு பழைய பெட்டிகள் பலவற்றில் ஏறாது. பெட்டி நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், புதிய ஓட்டை ஒவ்வொன்றும் அடைபடாமலே இருக்கும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு நாள் பொருட்பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, எக்கணினியில் எப்பதிப்பு உள்ளதென்று கேட்டு எழுதிவைத்தல் உறுப்பினர்களின் கடமைகளில் ஒன்று. சாலைக்கும் தெருவிளக்குக்கும் கேள்வி கேட்கும் உறுப்பினர், கணினி என்றதும் அது எழுத்தர் விஷயம் என்று வாளாவிருத்தல் பொருந்தாது.

வீட்டு வரிப் பதிவேடு, வேலைத்திட்டப் பட்டியல், தீர்மானங்கள் ஆகியவற்றின் நகலை வாரந்தோறும் தனியான ஒரு வட்டில் எடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும். கழற்றாமல் விட்டால் கணினியைப் பூட்டும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். அடுத்த பருவத்துக்குரிய விதையைக் குலுக்கையில் தனியே வைப்பவருக்கு இதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் மிகுந்த கவலை தருவது மின்கையொப்பம். மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் முறையில், பஞ்சாயத்துப் பணம் வழங்க, கணினியில் செருகும் சிறு சாவியும் அதற்குரிய ரகசிய எண்ணும் கையொப்பமாகின்றன. கையொப்பமிட உரிமையுள்ளோர் இருவராக இருப்பது, ஒருவரை மற்றவர் கவனிப்பதற்காக. அவ்விரு சாவிகளையும் கணினி இயக்குபவரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ கொடுத்துவைத்து, எண்ணை உறையின் மேலேயே எழுதிவைப்பது தொகை எழுதாத காசோலைப் புத்தகத்தில் எல்லாத் தாளிலும் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். பெண் தலைவர்களின் சாவி அவர்கள் வீட்டு ஆண்மக்களின் பையில் இருப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சாவியைத் தம் பொறுப்பில் காத்தல் கையொப்பத்துக்குரியவரின் கடமை; பின்னாளில் தணிக்கையில், நான் கையெழுத்திடவில்லை என்ற பதில் எடுபடாது. பிறருடைய மின்கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

கைபேசியைப் பற்றியும் சில சொற்கள். ஊர்ச்செய்தி முழுவதும் இன்று வாட்ஸப் என்ற ஒரே கம்பெனியின் வழியே ஓடுகிறது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்போர் திரிகிறார்கள் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த வேளையில், கோவில் வழிபாட்டுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற சென்னைக் குடும்பத்தார் தாக்கப்பட்டு, 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது அவர்கள் செய்த செயல். அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதபடி இந்தியாவில் கம்பெனி வரம்பிட்டது. கிராம சபைக் கூட்ட அறிவிப்பை வாட்ஸப்பில் மட்டும் அனுப்பிவிட்டு அறிவிப்புப் பலகையை வெறுமையாக விடும் பஞ்சாயத்துகளும் யோசிக்க வேண்டும். குழுவில் இல்லாதவர் கூட்டத்தை அறியமாட்டார்.

பி.எம். கிசான் தவணை வந்துள்ளது, இச்செயலியை ஏற்றிக்கொள்க என்று வரும் கோப்புகளில் பல, கைபேசியிலுள்ள குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிப் பணத்தைக் கொண்டுபோகும் வலைகளே. அரசாங்கம் எந்த உதவித்தொகைக்கும் வாட்ஸப்பில் செயலிக் கோப்பை அனுப்புவதில்லை. பணம் போய்விட்டதென அறிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணிநேரத்துக்குள் சொன்னால், பணம் சென்று சேர்ந்த கணக்கை வங்கி முடக்கிவைக்க வாய்ப்புண்டு. செய்தி வந்த எண், பணம் போன நேரம், வங்கியின் குறுஞ்செய்தி ஆகியவற்றை அழித்துவிடலாகாது. கைபேசியைத் துடைத்துப் புதிதாக்கித் தருவதாகக் கூறும் கடைக்காரரிடம், புகார் பதிவாகும் முன்னர் அதைக் கொடுக்கவும் கூடாது.