கத்திரி வைக்கும் முன் நெசவைப் பாருங்கள்

ஏற்காட்டில் மிஷின் போட்டிருப்பவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. நல்ல துணி எடுக்க சேலத்துக்குத்தான் இறங்கணும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கொண்டுவந்த துணி சரியில்லை என்றால், மாற்றப் போவதற்கு ஒரு நாள் பொழைப்பு போச்சு. அதனால் கலரைப் பார்க்கும் முன்னே நெசவைப் பாருங்கள்.

இளம்பிள்ளைப் பக்கம் தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு விறைப்பாக நின்றே நெய்யப்படுவதால் அந்தப் பக்கம் இழுத்தால் துணி அதிகம் நீளாது. ஊடைப் பக்கம் கொஞ்சம் நீளும். மூலைவாக்கில் இழுத்தால் நன்றாகவே நீளும். சுடிதார் டாப்பின் நீளம் பாவு வாக்கில், அதாவது கரைக்கு நேராக வரணும். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று கோணலாக வைத்து வெட்டினால், இரண்டு தடவை துவைத்ததும் ஒரு பக்கம் தொங்கும். கொடுத்தவங்க திரும்பக் கொண்டு வந்துடுவாங்க. கழுத்துப் பைப்பிங்குக்கும் கிராஸ் கட் ஜாக்கெட்டுக்கும் அதே மூலைவாக்கு இழுவைதான் வேணும். கிராஸ் கட்டுக்குத் துணி கூடுதலாக ஆகும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜாக்கெட்டுக்கு 'டூ பை டூ' கேட்டு வாங்குகிறோமே, அது என்ன? பாவிலும் ஊடையிலும் இரட்டை இழை முறுக்கிய நூல். மெல்லிசாக இருந்தும் உழைப்பது அதனால்தான். சாய்வுக் கோடு தெரியும் ட்வில் துணி பேண்ட்டுக்கும் பள்ளிச் சீருடைக்கும் ஏற்றது. சாட்டினில் இழைகள் மேலே நீளமாக மிதக்கும், பளபளப்பு அதில்தான் வருகிறது. ஆனால் காப்பிச் செடிக் கிளையில் மாட்டினால் இழை எழும்பிவிடும். தோட்ட வேலைக்குப் போடுகிற சட்டைக்கு வேண்டவே வேண்டாம்.

திருப்பூர் பனியன் துணி தறியில் நெய்வதில்லை. ஸ்வெட்டர் மாதிரி வளையத்துக்குள் வளையம். சாதா ஊசி வளையத்தை அறுத்து ஓட்டை போட்டுவிடும், முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி வேணும். நேர்த்தையல் போட்டால், தலைவழியாக மாட்டும்போது துணி நீளும், நூல் நீளாது, பட்டென்று அறுந்துடும். ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ இல்லாதவர்கள் இந்த ஆர்டரை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

கடையில் ஒரு சோதனை: இரண்டு கட்டைவிரலால் துணியை அழுத்திப் பிடித்து எதிரெதிராக இழுங்கள். இழை விலகி இடைவெளி தெரிந்தால் இறுக்கமான ஜாக்கெட்டுக்கு ஆகாது, தையல் பக்கம் பிரிஞ்சுடும். தளர்வான நைட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். பருத்தி என்றால் வெட்டும் முன் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். நம்ம மலை மழையில் துணி காய இரண்டு நாள் ஆகும். டெலிவரி தேதி சொல்லும்போது அதையும் கணக்குல சேர்த்துக்குங்க.