பிரட்டில் விழுந்த பேர்



தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே வழங்காத ஒரு பொருள் உண்டு. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிர்ணயித்த அளவு கொழுந்தைப் பறித்து முடித்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். விழுந்த பேருக்குத்தான் சம்பளம். உழைப்பை இவ்வளவு கண்டிப்பாகக் கணக்கெடுத்த நாடு, உழைத்தவரின் பெயரைப் பிரசைகளின் பதிவேட்டில் எழுதி முடிக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் இவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர்கள் பலர். (அந்தப் பாதை நம் வன்னியூடாகவே சென்றது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.) பின்னர் நோய் விழுந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன் காம்பராக்களில் நிலைத்துவிட்டன.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இம்மக்கள் வாக்களித்து, தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம், தந்தையாவது, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் அத்தாட்சிக்கு எங்கே போவது? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்களுக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அந்த மிகுதியையும் இரண்டாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுப்பதுபோலத்தான் இது நடந்தது. போகப்போகிறவரை எவரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்று ஒரே லயத்துக்குள் பிரிந்த குடும்பங்கள் உண்டு. 1946இல் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழப் பன்னிரண்டு வீதமாக இருந்தவர்கள், 2012 கணக்கெடுப்பில் நான்கு வீதத்துக்குச் சற்று மேல். எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

இவ்வளவையும் அரசின் கணக்கிலே எழுதிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. 1948–49இல் வடக்கின் தமிழ்த் தலைவர்களே இவ்விடயத்தில் ஒருமனப்படவில்லை. செல்வநாயகம் பிரிந்து சென்று தமிழரசுக் கட்சியை அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1977 வன்செயலுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களை, அயலில் இருந்த நாம் எந்தச் சொல்லால் அழைத்தோம் என்பது வாசகருக்குத் தெரியும். அதை இங்கே அச்சேற்ற விரும்பவில்லை.

நான் குருவாகிச் சில காலத்தில் ஒரு வீட்டுக்குச் சந்திப்புக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பிள்ளையொன்று தேநீர் கொண்டுவந்து வைத்தது. “பெயர் என்ன பிள்ளை?” என்றேன். அது வாய் திறக்குமுன் வீட்டுக்கார அம்மா, “அது தோட்டத்துப் பிள்ளை, சுவாமி” என்றார். நல்ல பெண்மணி, ஞாயிறு பூசை தவறவிடாதவர். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நானும் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். பெயரை மறுபடி கேட்கவில்லை.

2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியாவதற்குப் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. வந்த பிறகும் கம்பனிகள் வழக்குக்குப் போயின. இன்றும் பெரும்பாலானோர் இருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. உறுதி அவர்கள் கையில் இல்லை. ஐந்து தலைமுறை குடியிருந்த வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிப் பெயருமில்லை. பிள்ளைக்குப் பரீட்சைப் பெறுபேறோ வேலைக்கான அழைப்போ தபாலில் வந்தால், தோட்டத்தின் பெயருக்கு வந்து, யாராவது கொண்டுபோய்க் கொடுக்கும்வரை கிடக்கும்.