ஆவியும் மாத்திரையும் ஏன் தடுக்கவில்லை?

நம்பிக்கை: மலைக்காற்று வீசும் ஊரில் கொரோனா உடம்புக்குள் புகாது.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது நியாயமாகவே படும். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் தொற்று பரவ நாளாகும் என்பது சரிதான். ஆனால் வைரஸ் மூக்கை எட்டிவிட்டால் ஊர்க்காற்றுக்கு அங்கே வேலையில்லை. வைரஸின்மேல் துருத்தி நிற்கும் ஸ்பைக் புரதம், நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. 2003-இல் சார்ஸ் வைரஸை ஆராய்ந்தபோதே, அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் இடமாக அடையாளம் காணப்பட்ட புரதம் இது. மலையில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் இது பொது.

நம்பிக்கை: ஆவி பிடித்தால் வைரஸ் செத்துவிடும்.

செல்லுக்குள் போய்விட்ட வைரஸை ஆவி தொடுவதில்லை. வைரஸைக் கொல்லும் அளவுக்குச் சூடேற்றினால் முதலில் வெந்துபோவது மூக்கின் உட்சவ்வுதான். 2021 மே மாதம் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க ஏற்பாடுகள் நடந்தபோது, சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதைத் தவிர்க்கச் சொன்னார். இருமலும் தும்மலும் உள்ளவர்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே இடத்தில் நின்றால் தொற்று கூடத்தான் செய்யும்.

நம்பிக்கை: ஹைட்ராக்சிகுளோரோகுயின் வைரஸின் நுழைவைத் தடுக்கும்.

இதற்கு ஆய்வகச் சான்று இருந்தது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சுகாதாரப் பணியாளர்களுக்கு இம்மாத்திரையைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஏசிஇ2-வைப் பற்றினால் மட்டும் வைரஸ் உள்ளே போய்விடாது; நம் நொதி ஒன்று ஸ்பைக்கை வெட்டித் தர வேண்டும். அந்த ஆய்வகச் சோதனை நடந்த குரங்கின் சிறுநீரகச் செல்லில் வைரஸ் அமிலப் பைக்குள் போய், அங்கே வெட்டுப்படுகிறது. மாத்திரை அந்த அமிலத்தைக் குறைப்பதால் வைரஸ் தடைபட்டது. மனித நுரையீரல் செல்லிலோ டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி செல்லின் மேற்பரப்பிலேயே வெட்டிவிடுகிறது. அமிலப் பை தேவையே இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2020-இல் நுரையீரல் செல்களில் இம்மருந்தைச் சோதித்தார்கள். வைரஸ் தடைபடவில்லை. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும் இதனால் பலனில்லை என்று அறிவித்தது. எந்தச் செல்லில் சோதித்தார்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மாத்திரையால் முடியாத தடுப்பைத் தடுப்பூசி செய்கிறது. அது உண்டாக்கும் எதிர்ப்புரதங்கள் ஸ்பைக்கின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு, ஏசிஇ2-வைப் பற்ற விடாமல் செய்கின்றன. ஸ்பைக் உருமாறும்போது இந்தப் பிடி தளரும். அப்போதும் நோய் முற்றுவதைத் தடுப்பூசி பெரிதும் குறைக்கிறது.

இந்த நம்பிக்கைகளோடு ஒரு பயமும் இருந்தது; அது இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியது. எனலாப்ரில் போன்றவை ஏசிஇ2-வைக் கூட்டி வைரஸுக்கு உதவும் என்று 2020-இல் பலர் அஞ்சினார்கள். பிரேசிலில் 659 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மாத்திரையை நிறுத்தியவர்கள் கூடுதல் நலம் எதையும் பெறவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் அழுத்த மாத்திரையைக் கொரோனாவுக்குப் பயந்து யாரும் தாமாக நிறுத்தக்கூடாது.